1,85,000 ரூபாவுக்கு ஓர் இரைச்சல்: ஹைபிரிட் காருக்குப் பாட்டு செட் பூட்டப் போகிறவர்கள் வாசியுங்கோ

நேற்றுப் பின்னேரம்தான் காரின் பின் சீற்றைக் கழற்றி உள்ளே இருந்ததைப் பார்த்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும். அடங்கினால் "சரி, போனது போகட்டும்" என்று விட்டுவிடுகிற ஆள் நான். போனது ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் ரூபா. கடையின் பெயரை எழுதக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டார், அதனால் எழுதவில்லை. கொழும்புப் பக்கம், வாகனங்களுக்கு செட் பூட்டுகிற கடை, சமூக வலைத்தளத்தில் நாளுக்கு ஒரு விளம்பரம் போட்டு ஆட்களைப் பிடிக்கிற வகை. இது போதும். கடைசியில் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது 2014ஆம் ஆண்டு டொயோட்டா அக்குவா, பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுகிற ஹைபிரிட். ஜப்பானில் ஓடி இங்கே வந்தது. அக்குவா வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கார் நல்ல கார், பாட்டு மட்டும் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல வரும். அதோடு ஜப்பான் செட்டில் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். நம் வானொலிகளில் பெரும்பாலானவை அதற்கு மேலே. திரையில் எல்லாம் ஜப்பான் எழுத்து. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு வேறு கார் மாற்றுகிற எண்ணத்தையே விட்டுவிட்டோம். இருக்கிற காரை வடிவாக வைத்திருப்போம், பிள்ளைகள் கேட்கிறார்கள், ஒரு நல்ல செட் பூட்டுவோம் என்று நினைத்ததுதான் தொடக்கம்.

விளம்பரத்தைப் பார்த்து வட்ஸ்அப்பில் கேட்டேன். இரண்டு நிமிடத்தில் கடைக்காரப் பெடியனிடம் இருந்து அழைப்பு வந்தது. "அண்ணை, நீங்கள் யாழ்ப்பாணமே? அம்மான்ர ஊர் சாவகச்சேரி எனக்கு" என்றான். அந்த ஒரு வசனத்தில் நான் விழுந்தேன். எங்கட பெடியன், கொழும்பில் கடை நடத்துகிறான், எங்களை ஏமாற்றுவானா? அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றையும் நான் கேட்கவில்லை. செட், நாலு ஸ்பீக்கர், சப் வூஃபர், 2000 வாட் அம்ப் (ஒலியைப் பெருக்குகிற பெட்டி), வயர், பூட்டுகூலி எல்லாம் சேர்த்து 1,85,000. கார்ப்பெட் இலவசம். 85,000 முன்பணம் போடச் சொன்னான். கணக்கு கடையின் பெயரில் இல்லை, ஓர் ஆளின் பெயரில் இருந்தது. அதையும் பார்த்தேன், பேசாமல் போட்டேன்.

வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் நின்றுகொண்டு சனிக்கிழமை காரைக் கொண்டுபோனேன். ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "தம்பி, இது ஹைபிரிட். பெரிய பற்றரி பின் சீற்றுக்கடியில இருக்கு. பிரச்சினை வராதே?" அவன் சீற்றைத் தூக்கி, தோடம்பழ நிறத்தில் ஓடுகிற தடித்த வயரைக் காட்டினான். "இதுதான் அண்ணை எமன். இதை நாங்கள் தொடவே மாட்டம். கிழமைக்கு நாலு அக்குவா செய்யிறனாங்கள்." சொல்லிவிட்டு முழங்கை வரை நீண்ட ரப்பர் கையுறையைப் போட்டான். எனக்கு அப்படியே நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வெளியே போய்த் தேநீர் குடித்தேன். அது மலசலகூடம் கழுவுகிற கையுறை என்று இப்போது தெரிகிறது. உயர் மின்னழுத்த வேலைக்கான கையுறை 1000 வோல்ட் வரை பாவிக்கலாம் என்று சோதித்து, அந்த அளவு அச்சிட்டே வரும்.

நான் திரும்பி வரும்போது சின்ன 12 வோல்ட் பற்றரியில் வயரை முறுக்கிக்கொண்டிருந்தான். மறை (நெகட்டிவ்) முனையைக் கழற்றாமலே. 'டிக்' என்று சின்னதாக ஒரு பொறி. சிரித்தான். நானும் சிரித்தேன்.

அக்குவாவில் இரண்டு பற்றரி இருக்கிறது. ஒன்று காரை ஓட்டுகிற 144 வோல்ட் பற்றரி. மோட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற இன்வேர்ட்டர் அதை 520 வோல்ட் வரைக்கும் உயர்த்தும். மற்றது சாதாரண 12 வோல்ட். இரண்டும் பின் சீற்றுக்கடியில் அயலவர்கள். சாதாரண காரில் 12 வோல்ட் பற்றரிதான் எஞ்சினைச் சுழற்றும், அதனால் பெரிதாக இருக்கும், அதைச் சார்ஜ் செய்ய ஓல்ட்டனேற்றர் இருக்கும். ஹைபிரிட்டில் அந்த வேலை இல்லை. கணினிகளை எழுப்பி, பெரிய பற்றரியைக் காரோடு இணைக்கிற சுவிட்சான ரிலேயை மூடிவிடுவதோடு அதன் கடமை முடிந்தது. ஆகவே சின்னப் பற்றரி. ஓல்ட்டனேற்றரும் இல்லை, பெரிய பற்றரியில் இருந்து மின்னழுத்தத்தைக் குறைத்துத் தருகிற ஒரு கொன்வேர்ட்டர்தான் இதைச் சார்ஜ் செய்கிறது, அதுவும் கார் ஓடத் தயார் என்று காட்டுகிற 'ரெடி' விளக்கு எரியும்போது மட்டும். ரெடி இல்லாமல் பாட்டை மட்டும் போட்டால் சின்னப் பற்றரி தன் இரத்தத்தைத்தான் கொடுக்கிறது. அது செத்தால் பெரிய பற்றரி நிறைந்திருந்தும் கார் அசையாது. கதவே திறக்காது, ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கிற இரும்புத் திறப்பை உருவித்தான் திறக்க வேண்டும். இதெல்லாம் இந்த மூன்று கிழமையில் காசு கட்டிப் படித்தது.

மிச்சம் ஒரு லட்சத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். பில் கேட்டேன். கொப்பி ஒற்றையில் "செட் முழுவதும், 1 வருட வாரண்டி" என்று எழுதி ஒரு கையெழுத்து. ஊர்ப் பெடியன்தானே.

காலி வீதியிலேயே இரைச்சல் தொடங்கியது. பெடலை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கருக்குள் நுளம்பு கத்துவது போல 'ங்ஈஈ' என்று ஏறும், விட்டால் இறங்கும். உடனே கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "புதுசு அண்ணை, ஓட ஓட செட் ஆகும்." திங்கட்கிழமை காலை கார் கதவு திறக்கவில்லை. எடுத்தேன். "உங்கட பற்றரி பழசு அண்ணை, அதை மாத்துங்கோ." மாற்றினேன். கபினுக்குள் இருக்கிற பற்றரி என்பதால் வாயு வெளியேறும் குழாயோடு கூடிய, அமிலம் சிந்தாத ஏஜிஎம் வகை வேண்டும், அது சாதாரணப் பற்றரியை விட விலை. அதற்கு வேறு 42,000. இரண்டு நாள் கழித்துப் புதுப் பற்றரியும் படுத்தது.

அப்புறம் தொலைபேசியை வேறொருவர் எடுத்தார். "பாஸ் வெளியில." மறுநாள், "போயா லீவு சேர்." அதற்கு மறுநாள், "காரைக் கொண்டுவாங்கோ, பார்த்துத் தாறம்." யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர்! கொண்டுவந்தால் எரிபொருள் காசு யார் தருவது என்று கேட்டதற்கு, "ஹைபிரிட்தானே, எண்ணெய் குடிக்காது" என்று பகிடி. இன்னொரு நாள் ஒரு புது ஞானம்: "ஹைபிரிட்டில இது நோர்மல்." வட்ஸ்அப்பில் நீலச் சரி இரண்டும் விழும், பதில் வராது.

சரி, எப்படியும் அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, கடையிலும் முகத்துக்கு நேரே கேட்போம் என்று போன வியாழன் வெளிக்கிட்டோம். இரவெல்லாம் சார்ஜரில் போட்டுத்தான் எடுத்தேன். முறிகண்டியில் நிற்காமல் யார் போகிறார்கள்? தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, பிள்ளைகள் காருக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் இருக்கும். வந்து பொத்தானை அழுத்துகிறேன், ரெடி இல்லை. திரை மினுங்கிச் செத்தது. மகள் மடியில் கச்சான் பையை வைத்துக்கொண்டு, "அப்பா, பிள்ளையாருக்கு இன்னொரு தேங்காய் உடைப்பமோ?" என்கிறாள். அந்த இடத்தில் நின்று கடைக்கு எடுத்தேன். "தம்பி, பிள்ளைகளோட நடுறோட்டில நிக்கிறன்." "அண்ணை, ஒரு அஞ்சு நிமிசத்தில எடுக்கிறன்." இன்று வரை அந்த ஐந்து நிமிடம் முடியவில்லை.

பொனற்றுக்குள் ஃபியூஸ் பெட்டியில் வேறு வாகனத்தின் பற்றரியால் ஜம்ப் செய்து எழுப்புவதற்கென்றே ஒரு முனை இருக்கிறது. லொறிக்காரர் ஒருவர் உதவினார். கொழும்புப் பயணத்தை விட்டுவிட்டுத் திரும்பினோம். தெரிந்தவர் ஒருவர் எங்கள் ஊரிலேயே ஒரு வயரிங் பாஸைக் காட்டினார். ஹைபிரிட் வேலை பழகியவர், வயதானவர், அதிகம் கதைக்க மாட்டார். நேற்று சீற்றைத் தூக்கியதும் அவர் முதலில் செய்தது 12 வோல்ட் மறை முனையைக் கழற்றியது. பெரிய பற்றரியைத் துண்டிக்கிற சேவிஸ் பிளக்கை இழுத்துத் தன் சட்டைப் பையில் போட்டார், வேறு யாரும் தவறித் திருப்பிப் பூட்டாமல் இருக்க. பத்து நிமிடம் சும்மா இருந்தார். கப்பாசிற்றருக்குள் நிற்கிற மின்சாரம் இறங்க வேண்டுமாம். கொழும்பில் இந்தப் பத்து நிமிடத்துக்குள் அரைவாசி வேலை முடிந்திருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். அம்புக்குப் போகிற தடித்த சிவப்பு வயரைப் பேனாக்கத்தியால் சுரண்டினார். மேலே செப்பு நிறம், இரண்டு சுரண்டலில் உள்ளே வெள்ளை. முழுச் செப்பு இல்லை, மலிவான அலுமினியம், மேலே செப்பு முலாம். "இதுக்கு எவ்வளவு எடுத்தவன்?" என்று கேட்டார். எல்லாம் சேர்த்து 1,85,000 என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். பற்றரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஃபியூஸ் இல்லவே இல்லை. அந்த வயர் சீற்றின் இரும்புக் காலுக்கடியில் நசுங்கி, உறை பாதி தேய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் வயர் நேரே காரின் இரும்பு உடலில் முட்டும், இடையில் அறுந்து காப்பாற்ற ஒன்றும் இல்லை, அதற்கு மேலே என் பிள்ளைகள் இருக்கிற பஞ்சு சீற். அம்பைப் பிடிக்க அடித்த இரும்பு ஸ்குரூ பெரிய பற்றரியின் மூடியில் இருந்து இரண்டு விரல் தள்ளி இறங்கியிருந்தது. இரண்டு விரல்!

பெரிய பற்றரி மூச்சு விடுவதற்கு சீற்றின் ஓரத்தில் ஒரு வலை இருக்கிறது. கபினின் குளிர்க் காற்றை ஒரு விசிறி அதற்குள்ளால் இழுத்துத்தான் பற்றரியைச் சூடேறாமல் காக்கிறது. இலவசக் கார்ப்பெட்டின் விளிம்பு அதில் பாதியை மூடியிருந்தது. மிச்சப் பாதியில் வயர்க்கட்டு. அந்த இலவசத்தை நேற்றே குப்பையில் போட்டேன்.

பற்றரி ஏன் செத்தது என்பதற்கு மீற்றரை வைத்தார். காரைப் பூட்டி எல்லாம் உறங்கிய பிறகும் 1.2 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. சில பத்து மில்லி ஆம்பியர்தான் ஓட வேண்டும். அம்பை எழுப்புகிற ரிமோட் வயரை செட்டில் கொடுக்காமல் நேரே பற்றரியில் கொடுத்திருந்தான், ஆகவே அம்ப் உறங்குவதே இல்லை. அந்தச் சின்னப் பற்றரிக்கு இது ஒரு நாள் தீனி. இரைச்சலுக்குக் காரணம், அம்பின் மறை வயரைப் பெயின்ற் சுரண்டாமல் ஒரு போல்ற்றுக்கடியில் சொருகியது. போதாததற்கு, ஒலி வயரையும் மின் வயரையும் ஒரே கட்டாகக் கட்டியது.

அந்த 2000 வாட்? அம்பின் பின்பக்கத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு. முப்பது ஆம்பியரை 14 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போவதே 420 வாட். வெளியே எப்படி 2000 வரும்? ஆறாம் வகுப்புக் கணக்கு. கடையில் நின்று நான் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தேன், ஃபியூஸைப் பார்க்கவில்லை.

நேற்றிரவு படங்களை எல்லாம் கடைக்கு அனுப்பினேன். முதல் படத்தில் நீலச் சரி விழுந்தது. மற்றப் படங்களில் ஒற்றைச் சரி, அதுவும் சாம்பல். தடுத்துவிட்டான்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். வயரை உங்கள் முன்னே சுரண்டச் சொல்லுங்கள். ஃபியூஸ் பற்றரியில் இருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். கார் வயரை வெட்ட விடாதீர்கள், வெட்டாமலே இணைக்கிற கப்ளர் கிடைக்கிறது. காற்று வலையை மூட விடாதீர்கள். மறை முனையைக் கழற்றாமல் கை வைத்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ரெடி இல்லாமல் பாட்டுப் போடாதீர்கள். கடை முத்திரையோடு பில் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். நான் நாளைக்கு அனுப்புகிறேன், கொப்பி ஒற்றையைப் படம் பிடித்து. அது பில் ஆகுமா என்று பார்ப்போம்.

இதை எழுதி முடிக்கும்போது தம்பி ஒரு படம் அனுப்பினான். அந்தக் கடையின் சமூக வலைத்தளப் பக்கத்தில் இன்று காலை போட்ட புது விளம்பரம். வெள்ளை அக்குவா, பின் கதவு திறந்திருக்கிறது, சப் வூஃபருக்கு நீல விளக்கு. இலக்கத் தகட்டை மறைத்திருக்கிறார்கள். பின் கண்ணாடியில் மகள் ஒட்டிய வண்ணத்துப்பூச்சியை மறைக்க மறந்துவிட்டார்கள். கீழே ஒருவர் விலை கேட்டிருக்கிறார். "இன்பொக்ஸ் பண்ணுங்கோ அண்ணை" என்று பதில்.