ஃப்ராஸ்ட் காலத்து நெப்ராஸ்கா: ஐந்து சீசன் டிக்கெட் எடுத்துப் பார்த்த அனுபவம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள லிங்கன் நகரத்துக்கு நாங்கள் குடிவந்தது 2017 கோடையில். அடுத்த வருடம் அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர் ஊர் மாறிப் போனார். மெமோரியல் ஸ்டேடியத்தில் அவர் வைத்திருந்த இரண்டு சீசன் டிக்கெட்டையும் நான் எடுத்துக்கொண்டேன். நெப்ராஸ்கா பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு ஸ்காட் ஃப்ராஸ்ட் கோச்சாக வந்து முதல் சீசன் தொடங்கியதும் அந்த 2018ல்தான். 2022 செப்டம்பரில் அவரை அனுப்பும்வரை, கூட்டத்தை உள்ளே விடாத கோவிட் வருடம் போக, லிங்கனில் நடந்த ஆட்டங்களில் முக்கால்வாசிக்குப் போயிருக்கிறேன். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியைப் புது கோச்சை நம்பி எவ்வளவு நாள் பார்க்கலாம் என்று ஊரிலிருந்து நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. நெப்ராஸ்காவில் தொழில்முறை ஃபுட்பால் அணி கிடையாது. இருப்பது இந்தக் கல்லூரி அணிதான். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை ஸ்டேடியத்தில் 90,000 பேர்வரை இருப்பார்கள். ஓமஹாவையும் லிங்கனையும் விட்டால் மாநிலத்தில் அத்தனை பேர் ஒன்றாக இருக்கும் ஊர் வேறில்லை. 1962 நவம்பரிலிருந்து உள்ளூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்த கணக்கு நடந்துகொண்டிருக்கிறது. டாம் ஆஸ்போர்ன் 25 வருடம் கோச்சாக இருந்து 255 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். கடைசி சாம்பியன் பட்டம் 1997ல் வந்தது. அந்த அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை முதலில் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர், இதே ஃப்ராஸ்ட்தான். லிங்கனில் பிறந்தவர். சென்ட்ரல் ஃப்ளோரிடா அணி 2015ல் ஆடிய 12 ஆட்டத்தையும் தோற்றிருந்தது. இவர் போய்ச் சேர்ந்த இரண்டாவது வருடமே, 2017ல், ஆடிய 13 ஆட்டத்தையும் ஜெயித்தது. அப்படிப்பட்டவர் சொந்த ஊருக்குத் திரும்புகிறார் என்றால் கேட்கவா வேண்டும்? 2018 ஏப்ரலில் அணியை இரண்டாகப் பிரித்து ஆடிக்காட்டிய பயிற்சி ஆட்டத்துக்கே 86,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

முதல் ஆட்டமே நடக்கவில்லை. செப்டம்பர் 1, ஆக்ரன் அணியோடு. பந்தை உதைத்து ஆட்டம் தொடங்கியதும் மின்னல். எல்லோரையும் இருக்கையிலிருந்து கீழே போகச் சொல்லிவிட்டார்கள். படிக்கட்டுக்கு அடியில், நனைந்த சிவப்புச் சட்டைகளுக்கு நடுவே, ராத்திரி வெகுநேரம் நின்றோம். கடைசியில் ஆட்டம் ரத்து. அங்கேதான் என் பக்கத்து இருக்கைக்காரர்களோடு முதல்முறை பேசினேன். அப்பா எழுபது தாண்டிய சோள விவசாயி, மகள் பள்ளி ஆசிரியை. அப்பா சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். எந்த பந்து எங்கே விழுந்தது, யார் கைநழுவ விட்டார்கள், எத்தனை ஃபவுல் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே இருப்பார். அன்று அந்த நோட்டை நனையாமல் தொப்பிக்குள் வைத்திருந்தார்.

அந்த சீசனில் வரிசையாக ஆறு தோல்வி. இந்த அணியின் வரலாற்றில் அப்படி ஒரு தொடக்கம் இருந்ததே இல்லை. கொலராடோவிடம் 33-28, ட்ராயிடம் 24-19, மிச்சிகனிடம் 56-10. நார்த்வெஸ்டர்ன் அணியை அவர்கள் மைதானத்தில் கிட்டத்தட்ட ஜெயித்தாயிற்று என்று நினைத்தபோது, கடைசி இரண்டு நிமிடத்துக்குள் அவர்கள் 99 யார்டு பந்தைக் கொண்டுவந்து சமன் செய்து, கூடுதல் நேரத்தில் ஜெயித்தார்கள். மின்னசோட்டாவை 53-28 என்று வென்ற பிறகுதான் மூச்சு வந்தது. முடிவில் நாலு வெற்றி, எட்டுத் தோல்வி.

வாக்குவாதம் ஆரம்பித்ததும் அப்போதுதான். எனக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்ததும் அந்த வாக்குவாதம்தான்.

பெரியவர் அவகாசம் கொடுக்க வேண்டும் என்ற கட்சி. ஆஸ்போர்னையே எடுத்துக்கொள், முதல் ஐந்து வருடமும் ஓக்லஹோமாவிடம் தோற்றவர், முதல் பட்டம் வாங்க 22 சீசன் ஆயிற்று என்பார். 2003ல் ஒன்பது ஆட்டம் ஜெயித்த ஃப்ராங்க் சோலிச்சை அனுப்பினோம், 2014ல் ஒன்பது ஆட்டம் ஜெயித்த போ பெலினியை அனுப்பினோம், அதற்குப் பிறகு என்ன கிடைத்தது, ஆள் மாற்றுவதே நமக்கு வியாதியாகிவிட்டது என்பது அவர் வாதம். மகள் விடமாட்டார். ஆஸ்போர்ன் ஓக்லஹோமாவிடம் தோற்ற வருடங்களிலும் ஒன்பது ஆட்டத்துக்குக் குறைவாக ஜெயித்ததில்லையே அப்பா, நாலு ஜெயித்துவிட்டு அவரோடு ஒப்பிடலாமா என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நான் பெரியவர் பக்கம் சாய்ந்தேன். முந்தைய கோச் ஒரு பாணிக்குச் சேர்த்த பையன்களை வைத்துக்கொண்டு வேகமான வேறொரு பாணி ஆடச் சொன்னால் இரண்டு வருடம் தடுமாறத்தான் செய்வார்கள். இதை இப்போதும் நம்புகிறேன்.

2019ல் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. சீசன் முடிவதற்குள் கோச்சின் ஒப்பந்தத்தை 2026வரை நீட்டித்தார்கள். அது அவசரம் என்று எனக்கு அப்போதே பட்டது. 2020ல் மூன்றுக்கு ஐந்து. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, காலி இருக்கைகளை டிவியில் பார்த்தோம்.

நின்று பேச வேண்டியது 2021. மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. ஆனால் ஒன்பதில் ஒன்றுகூட பத்துப் புள்ளி வித்தியாசத்தில் இல்லை. ஓக்லஹோமாவிடம் 23-16, மிச்சிகனிடம் 32-29, ஒஹாயோ ஸ்டேட்டிடம் 26-17. சீசன் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் நாங்கள் எடுத்த புள்ளிதான் எதிரிகளுக்குக் கொடுத்ததைவிட அதிகம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, அடுத்த வருடம் பாருங்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. நானும் பேசினேன்.

என் மனம் மாறியது செப்டம்பர் 25 ராத்திரி, மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தில். 20-13 என்று முன்னால் இருந்தோம். இரண்டாம் பாதியில் எங்கள் டிஃபென்ஸ் அவர்களை அசையவே விடவில்லை. நாலு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது எங்கள் பன்ட், அதாவது பந்தைத் தூர உதைத்து எதிரியிடம் ஒப்படைக்கும் உதை. தடுக்க வேண்டியவர்கள் எல்லோரும் வலப்பக்கம் ஓடினார்கள். பந்து இடப்பக்கம் போய் விழுந்தது. பிடித்தவர் முன்னால் ஆளே இல்லை. 62 யார்டு ஓடி டச்டவுன், அதாவது பந்தை எங்கள் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுசேர்த்தார். கூடுதல் நேரத்தில் 23-20 என்று தோற்றோம். ஒலியை அணைத்துவிட்டு அந்த உதையை ஏழெட்டு தடவை திருப்பிப் பார்த்தேன். ஒருவன் தவறியிருந்தால் துரதிர்ஷ்டம் என்று விட்டிருப்பேன். ஒரு பக்கமாகப் பத்துப் பேர், மறுபக்கமாகப் பந்து. அது அந்த வாரம் பயிற்சியில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிற காட்சி.

அடுத்த ஆட்டத்தில் பெரியவரிடம் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். இலினாய் ஆட்டத்தில் சொந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்த பன்ட்டை எடுத்து அவசரத்தில் வீசி, எதிரிக்கு இரண்டு புள்ளி. ஓக்லஹோமா ஆட்டத்தில் டச்டவுனுக்குப் பிறகு உதைத்த பந்தைத் தடுத்து, அதையே திருப்பி ஓடி இரண்டு புள்ளி. பிறகு நவம்பரில் அயோவா ஆட்டத்தில் 21-6 வரை முன்னால் போன பிறகு எங்கள் பன்ட்டைத் தடுத்து எடுத்து டச்டவுன், 28-21 தோல்வி. எல்லாமே உதைக்கிற வேளையில் நடந்தவை. ஸ்பெஷல் டீம்ஸ் என்பார்கள். அதற்கு நட்சத்திர வீரர் வேண்டாம், யார் எங்கே நிற்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும் ஆள் வேண்டும். ஃப்ராஸ்ட் காலம் முழுவதும் எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களில் வெற்றி 5, தோல்வி 22. நாணயத்தைச் சுண்டிப் போட்டால்கூட இருபத்தேழில் பதிமூன்றாவது விழும். நெருங்கித் தோற்பதை முன்னேற்றம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தது தவறு. மகள் முதல் வருடமே கண்டது எனக்கு நாலாவது வருடம்தான் தெரிந்தது.

2021 நவம்பரில் சம்பளத்தைக் குறைத்து, உதவி கோச்சுகள் நாலு பேரை மாற்றி, இன்னொரு வருடம் கொடுத்தார்கள். 2022 ஆகஸ்டில் டப்ளினில் நார்த்வெஸ்டர்னோடு ஆட்டம். 28-17 என்று முன்னால் இருக்கும்போது, பந்தைப் பக்கத்திலேயே உதைத்துத் தாங்களே எடுக்கப் பார்க்கும் ஆன்சைடு கிக். எதிரியிடம் போயிற்று, 31-28 தோல்வி. அந்த வருடம் நார்த்வெஸ்டர்ன் ஜெயித்த ஒரே ஆட்டம் அதுதான். இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 10, ஜார்ஜியா சதர்ன். லிங்கனில் 35 புள்ளிக்கு மேல் எடுத்து நாங்கள் தோற்றதே கிடையாது. அன்று 42 எடுத்தோம், அவர்கள் 45. கடைசி டச்டவுன் 36 விநாடி இருக்கும்போது. பெரியவர் எழுந்து நின்று, வெளியே போகும் ஜார்ஜியா சதர்ன் பையன்களுக்குக் கைதட்டினார். இங்கே அது பழைய வழக்கம், எதிரணி நன்றாக ஆடினால் தட்டுவார்கள். எங்கள் வரிசை முழுவதும் தட்டினோம். மறுநாள் ஃப்ராஸ்டை அனுப்பிவிட்டார்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் கொடுக்க வேண்டிய தொகை ஒன்றரைக் கோடி டாலரிலிருந்து பாதியாகியிருக்கும். பொறுக்கவில்லை. மொத்தக் கணக்கு 16 வெற்றி, 31 தோல்வி. அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 1997ல் இதே மைதானத்தில் ஆடியவர் இதே மைதானத்தில் தோற்று நடந்து போவதைப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் மாட் ரூல் கோச்சாக வந்தார். 2023ல் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. கடைசி நாலு ஆட்டத்தையும் ஏழு புள்ளிக்குள் தோற்றபோது பழைய பயம் மறுபடி வந்தது. 2024 நவம்பர் 23ல் விஸ்கான்சினை 44-25 என்று ஜெயித்து, 2016க்குப் பிறகு முதல்முறையாக பவுல் ஆட்டத்துக்கு, அதாவது போதுமான வெற்றி பெற்ற அணிகளுக்கு சீசன் முடிவில் நடக்கும் கூடுதல் ஆட்டத்துக்கு, தகுதி பெற்றோம். மாணவர்கள் மைதானத்துக்குள் குதித்து ஓடினார்கள். பெரியவர் இருக்கையைவிட்டு எழாமல் நோட்டில் பன்ட் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தார். மகள் அவர் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டால், எடுங்கள். அணி தோற்கிற வருடத்திலும் பக்கத்து இருக்கை நன்றாக இருக்கும். புது கோச் வந்த வருடமென்றால் டச்டவுன்களைவிட பன்ட் அடிக்கும்போது பதினோரு பேரும் எங்கே ஓடுகிறார்கள் என்று பாருங்கள், மூன்று ஆட்டத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும். செப்டம்பர் ஆட்டத்துக்குத் தொப்பியும் தண்ணீரும், நவம்பர் ஆட்டத்துக்குக் கம்பளியும் கட்டாயம் வேண்டும், காற்று எலும்பைத் துளைக்கும். மாட்டிறைச்சி சாப்பிடுபவர்கள் முட்டைக்கோசும் கறியும் பொதிந்த ரன்ஸாவை முதல் பாதி முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். இடைவேளையில் வரிசை நகராது.