கொரில்லா ட்ரிப்புக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனத்துக்கு: பெர்மிட்டைக் கண்ணால் பார்க்காமல் பாக்கிப் பணம் கட்டாதீர்கள்

15 வயது நிரம்பாத பிள்ளைகளை மலைக் கொரில்லா பார்க்கக் காட்டுக்குள் விடமாட்டார்கள். உகாண்டாவின் பிவிண்டி, ம்கஹிங்கா, ருவாண்டாவின் வொல்கானோஸ் பூங்கா, காங்கோவின் விருங்கா, எங்கே போனாலும் இதே விதிதான். அப்பா அம்மா கூட வந்தாலும் சரி, பையன் அப்பாவை விட உயரமாக வளர்ந்திருந்தாலும் சரி, விலக்கு கிடையாது.

சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்ட், 13 வயதான எங்கள் மகனுக்கும் சேர்த்து நான்கு பெர்மிட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு மூன்றுதான் எடுத்திருக்கிறார். நான்காவதன் பணம் அவர் பைக்குள் போய்விட்டது. பையனை எப்படியும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், பழி விதியின் தலையில் விழும், பெர்மிட் எங்கே என்று யாரும் கேட்கப் போவதில்லை. இப்படிக் கணக்குப் போட்டுத்தான் செய்தார் என்று நான் நம்புகிறேன். "ஆபீஸ்ல பொண்ணு மறந்துட்டா" என்கிறார் அவர். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உகாண்டாவில் வெளிநாட்டவருக்கு ஒரு பெர்மிட் 800 டாலர். 2024 ஜூலைக்கு முன்பு 700 ஆக இருந்தது. நம் பணத்தில் ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 70 ஆயிரம் ரூபாய், அதுவும் கொரில்லாக்களோடு ஒரே ஒரு மணி நேரத்துக்கு. விமானம், தங்கும் இடம், வண்டி எல்லாம் தனி. ருவாண்டாவில் இதுவே 1500 டாலர். அதனால் நம் ஊர் ஏஜென்ட்கள் குடும்பங்களைப் பெரும்பாலும் உகாண்டா பக்கம்தான் தள்ளுகிறார்கள். எங்களிடம் அவர் விட்ட முதல் புளுகும் அதை ஒட்டியதுதான். "ருவாண்டாவுலதான் மேடம் வயசெல்லாம் ரொம்ப ஸ்ட்ரிக்ட். உகாண்டாவுல பன்னெண்டு தாண்டிட்டா போதும்."

இந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் புரிந்தது. கிபாலே காட்டில் சிம்பன்சி பார்க்கத்தான் 12 வயது. அந்த எண்ணைத் தூக்கி கொரில்லாவுக்கு ஒட்டிவிட்டார். நாங்கள் சும்மா தலையாட்டிவிடவில்லை. என் கணவர் இரண்டு பிள்ளைகளின் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பி, "இருவருமே கொரில்லா ட்ரெக்கிங்குக்குப் போகலாமா?" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டார். "யெஸ் சார், போத் அலவுட்" என்று எழுத்தில் பதில் வந்தது. அந்த ஸ்க்ரீன்ஷாட் இப்போது எங்கள் புகாரின் முதல் இணைப்பு.

மஞ்சள் காய்ச்சல் ஊசி விஷயத்தில் மட்டும் மனிதர் சுத்தமாகச் சொன்னார். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட வேண்டும், பிள்ளைகளுக்கும் உண்டு, சான்றிதழ் இல்லாமல் உகாண்டாவிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம் என்றார். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டோம். இவ்வளவு விவரமாகப் பேசுகிறவருக்கா வயது விதி தெரியாமல் இருக்கும்?

பிவிண்டியின் தெற்கே ருஷாகா பகுதியில் எங்களுக்கு ட்ரெக்கிங். என்டெபெயில் இறங்கி அங்கே போய்ச் சேர்வதே முழுநாள் சாலைப் பயணம். எங்கள் டிரைவர்தான் கைடும். முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது மகனைப் பார்த்து, "நாளைக்கு நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டார். கொரில்லா பார்க்கப் போகிறேன் என்றான். வயதைக் கேட்டார். சொன்னான். மனிதர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் கணவரைத் தனியாக வெளியே அழைத்துப் போனார்.

உடனே சென்னைக்குப் போன் போட்டோம். நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், ஆனாலும் எடுத்தார். கொஞ்சமும் பதறவில்லை. "ரேஞ்சருக்கு நூறு டாலர் குடுத்துருங்க சார், பையன் ஹைட்டாதானே இருக்கான், யார் பாக்கப் போறா" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கூட இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. விஷயத்தை டிரைவரிடம் சொன்னபோது கையை வேகமாக ஆட்டி மறுத்தார். காலையில் பதிவு செய்யும்போது ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் திறந்து பார்ப்பார்கள், தன் கைடு உரிமமே போய்விடும் என்றார்.

லஞ்சம் கொடுக்கும் எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை. ஆனால் 'கொடுத்துப் பார்த்திருக்கலாமே' என்று ஊர் திரும்பியதும் உறவினர்களே சொன்னார்கள். அதனால் இந்த விதி எதற்கு என்பதையும் எழுதிவிடுகிறேன். கொரில்லாவின் மரபணு நம்முடையதோடு 98 சதவீதம் ஒத்துப்போகிறது. நமக்கு வருகிற சளியும் இருமலும் அதற்கும் தொற்றும், ஆனால் நமக்கு இருக்கிற எதிர்ப்புச் சக்தி அதற்குக் கிடையாது. 2009-இல் ருவாண்டாவில் ஹிர்வா என்ற கொரில்லா குடும்பத்தில் மூச்சுக்குழாய் நோய் பரவி ஒரு பெண் கொரில்லாவும் ஒரு குட்டியும் செத்துப்போயின. உடல்களைச் சோதித்தபோது மனிதர்களிடம் சாதாரணமாகச் சுற்றும் ஒரு சளி வைரஸ் கிடைத்தது. பிள்ளைகளிடம் இந்த மாதிரி வைரஸ்கள் வெளியே தெரியாமலே இருக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2018-இல் வெளியான கணக்குப்படி உலகத்திலேயே மலைக் கொரில்லா ஆயிரத்துச் சொச்சம்தான். எந்த மிருகக்காட்சிசாலையிலும் ஒன்றுகூடக் கிடையாது. அதோடு வெள்ளி முதுகு ஆண் கொரில்லா நெஞ்சில் தட்டிக்கொண்டு நாலடி முன்னால் வந்தால் அசையாமல் குனிந்து நிற்க வேண்டும். பயந்துபோன பிள்ளை திரும்பி ஓடும், ஓடுவதுதான் ஆபத்து. விதியின் மேல் எனக்குத் துளிக் கோபமும் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குள் ருஷாகாவில் ஆஜர். மகள் 16 முடித்தவள், அவளுக்குப் பிரச்சினை இல்லை. அவளும் என் கணவரும் போவது, நான் மகனோடு தங்குவது என்று ராத்திரியே முடிவு செய்துவிட்டோம். என் பெர்மிட்டும் வீண்தான். இருந்தாலும் நானே மேஜைக்குப் போய், மகனுக்கு வயது போதாது, நானும் போகவில்லை, இரண்டு பேரையும் எடுத்துவிடுங்கள் என்று அங்கிருந்த ரேஞ்சர் பெண்மணியிடம் சொன்னேன். அவர் அன்றைய பட்டியலில் விரல் வைத்துத் தேடினார். என் பெயரை அடித்தார். அப்புறம் மறுபடி மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "உங்கள் பெயரில் மூன்று பேர்தானே, நான்காவது யார்?" என்று கேட்டார்.

மகன் பெயர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அடித்திருக்கவும் இல்லை, ஒத்தி வைத்திருக்கவும் இல்லை. டிரைவர் தன் வண்டியிலிருந்து உகாண்டா வனவிலங்கு ஆணையத்தின் பெர்மிட் தாள்களை எடுத்து வந்தார். மூன்று. ஒவ்வொன்றிலும் பெயர், பாஸ்போர்ட் எண், தேதி. இங்கிருந்து கிளம்பும்போது ஏஜென்ட் எங்கள் கையில் கொடுத்திருந்த வழவழப்பான ஃபைலிலோ நான்கு தாள்கள். அவை பெர்மிட்டே இல்லை, அவருடைய கம்பெனி லோகோ போட்ட வவுச்சர்கள். மேலே ஒரு கொரில்லா படம், கீழே "கொரில்லா பெர்மிட் கன்ஃபர்ம்டு". கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகாக அச்சடித்திருந்தார்.

ஊர் திரும்பியதும் மகனுடைய பெர்மிட் நகலைக் கேட்டேன். முதலில் மறுபடி அந்த வவுச்சரையே அனுப்பினார். இது இல்லை, ஆணையம் கொடுத்தது வேண்டும் என்றதும் பேச்சு மாறியது. "வயசுச் சோதனை பயணியோட பொறுப்பு, டெர்ம்ஸ்ல இருக்கு. வாசல்ல திருப்பிட்டா ரீஃபண்ட் கிடையாது, அது கவர்மென்ட் ரூல்." வாங்கின பெர்மிட்டுக்குத்தானே ரீஃபண்ட் இல்லை, வாங்காததற்கு என்ன ரூல் என்று கேட்டதற்கு இரண்டு வாரம் சத்தமே இல்லை. கம்பாலாவில் ஆணையத்தின் முன்பதிவு அலுவலகத்துக்கு மகனுடைய பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து மெயில் எழுதினோம். அந்த எண்ணில் அந்தத் தேதிக்கு எந்த பெர்மிட்டும் எடுக்கப்படவில்லை என்று பதில் வந்தது. அதை அனுப்பிய பிறகுதான் "ஆபீஸ் பொண்ணு" கதை. கூடவே அடுத்த ட்ரிப்பில் பத்து சதவீதம் தள்ளுபடியாம்!

நாங்கள் போனது மே மாதம், பள்ளி விடுமுறை. நம் ஊர்க் குடும்பங்கள் பெரும்பாலும் அப்போதுதான் கிளம்புகின்றன. அங்கே மார்ச் முதல் மே வரை மழைக்காலம். கூட்டம் குறைவு என்பதால் பெர்மிட் கடைசி நேரத்திலும் கிடைக்கும். ஆறு மாதம் முன்னால் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, "பெர்மிட் பிளாக் பண்ணிட்டோம்" என்று சொல்லிவிட்டு, உண்மையில் கடைசி நேரத்தில் எடுப்பவர்களுக்கு இது வசதி. ஜூன் முதல் செப்டம்பர் வரையும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் அப்படி விளையாட முடியாது. ஒரு கொரில்லா குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டே பேர்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஆகவே ஏஜென்ட் யாராக இருந்தாலும், எவ்வளவு பழக்கமாக இருந்தாலும், முன்பணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆணையம் கொடுத்த பெர்மிட்டில் உங்கள் ஒவ்வொருவர் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருப்பதைப் பார்த்த பிறகு பாக்கியைக் கட்டுங்கள். நம் ஊர் ஏஜென்ட்கள் யாரும் நேராக எடுப்பதில்லை, உகாண்டாவில் உள்ள ஒரு கம்பெனி மூலமாகத்தான் எடுக்கிறார்கள். அந்தக் கம்பெனி எது என்று கேளுங்கள். உகாண்டா டூர் ஆபரேட்டர்கள் சங்கத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். பெயரைச் சொல்ல மாட்டேன் என்று இழுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். பெர்மிட்டுக்கு எவ்வளவு, தங்கலுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று பில்லைப் பிரித்தும் வாங்குங்கள். எங்கள் பில்லில் "நான்கு கொரில்லா பெர்மிட், 3200 டாலர்" என்று தனி வரியாக இருந்ததால்தான் இப்போது வாதாட முடிகிறது. மொத்தமாக "ஃபேமிலி பேக்கேஜ்" என்று ஒரே தொகை எழுதியிருந்தால் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

பிள்ளைகளில் ஒருவர் 15 தாண்டி, இன்னொருவர் தாண்டாமல் இருக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பெற்றோர் இருவரும் பார்த்தே ஆக வேண்டுமென்றால் அடுத்தடுத்த நாளுக்குத் தனித்தனியாக பெர்மிட் எடுக்கலாம். ஒருவர் காட்டுக்குப் போகிற நாளில் மற்றவர் சின்னவரோடு இருக்கலாம். தங்கும் செலவு ஒரு ராத்திரி கூடும், அவ்வளவுதான். 800 டாலர் வீணாவதற்கு இது எவ்வளவோ மேல். இந்த யோசனையை எங்களுக்குச் சொன்னது அந்த டிரைவர். பணம் வாங்கிய ஏஜென்ட் வாயிலிருந்து இது வரவே இல்லை. ட்ரெக்கிங் எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. என் கணவரும் மகளும் மதியத்துக்கு மேல்தான் சேறும் சகதியுமாகத் திரும்பினார்கள், சில நாள் சாயங்காலம்கூட ஆகுமாம். அதனால் சின்னப் பிள்ளையை லாட்ஜில் தனியாக விட்டுவிட்டு எல்லோரும் போய்விடலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

12 தாண்டிய பிள்ளை என்றால் கிபாலேயில் சிம்பன்சி பார்க்கலாம். ஏஜென்ட் ஒழுங்காக விதியைச் சொல்லியிருந்தால் நாங்கள் பயணத்தையே அப்படித்தான் மாற்றிப் போட்டிருப்போம். அதைவிடச் சின்னவர்களுக்கு க்வீன் எலிசபெத் பூங்காவில் கசிங்கா கால்வாய்ப் படகுச் சவாரி நல்லது, நீர்யானைகளும் யானைகளும் கரையோரமாகவே நிற்கும். என்டெபெ பக்கத்தில் விக்டோரியா ஏரிக்குள் ங்காம்பா தீவு, அனாதைச் சிம்பன்சிகளின் சரணாலயம். ருவாண்டா வழியாகப் போகிறவர்களுக்கு முசான்சேயில் டையன் ஃபாஸி கொரில்லா நிதியம் 2022-இல் திறந்த வளாகம் இருக்கிறது. கொரில்லாவை நேரில் பார்க்க முடியாத பிள்ளைக்கு அங்கே நிறையத் தெரிந்துகொள்ள வழியுண்டு. எங்கள் மகனுக்குக் கசிங்கா பிடித்திருந்தது. ஆனால் அக்கா அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னமும் அறைக்குள் போய்விடுகிறான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிந்தோம். ஏஜென்ட் அங்கேயும் அதே வவுச்சரைத்தான் பதிலாக அனுப்பினார். அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். ஐந்து லட்ச ரூபாய் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். நான்காவது பெர்மிட்டின் பணத்தோடு என்னுடைய பெர்மிட்டின் பணத்தையும் கேட்டிருக்கிறோம். அவர் 13 வயதுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்திருக்காவிட்டால் நான் வாசலோடு நின்றிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் பெயரைக் கேட்டு நிறையப் பேர் உள்பெட்டிக்கு வருகிறீர்கள். வழக்கு நடக்கும்போது வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். உங்கள் ஏஜென்ட் கொடுத்திருப்பது வவுச்சரா பெர்மிட்டா என்று சந்தேகம் இருப்பவர்கள், பாஸ்போர்ட் எண்ணை மறைத்துவிட்டுப் படத்தை அனுப்புங்கள். எங்களிடம் இரண்டும் இருக்கிறது, ஒப்பிட்டுச் சொல்கிறேன்.