அப்பாவின் விஐபி சூட்கேசும் நான் வாங்கிய டிராலியும்

எங்கள் வீட்டுப் பரணில் 1980களின் இறுதியில் அப்பா வாங்கிய விஐபி சூட்கேஸ் ஒன்று இருக்கிறது. அம்மாவின் பட்டுப் புடவைகளும் வீட்டுப் பத்திரங்களும் அதற்குள்தான் உள்ளன. மூலைகள் தேய்ந்துவிட்டன, ஆனால் மூடியின் விளிம்பு இன்னும் இடைவெளியின்றிப் பொருந்துகிறது. சென்ற ஆண்டு வேறொரு நிறுவனத்தின் துணிப் பெட்டி எழும்பூர் நடைமேடையில் சக்கரம் கழன்று என்னைத் தவிக்க விட்டபின், அந்தப் பழைய சூட்கேசின் நினைவில் விஐபியின் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன டிராலி, அதாவது சக்கரப் பெட்டி, ஒன்றை வாங்கினேன். ஓராண்டு பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

இந்தப் பெட்டிகளைப் பற்றிப் பேசும்போது விஐபி நிறுவனத்தை வளர்த்த தொழிலதிபர் திலீப் பிரமாலைப் பற்றியும் பேசவேண்டும். 1949இல் பிறந்த அவர், மும்பையின் நெசவாலைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். துணியை விட்டுப் பிளாஸ்டிக்கை அவர் பற்றிக்கொண்ட காலத்தில் நம் ரயில் பயணிகளிடம் இரும்பு டிரங்குப் பெட்டியும், படுக்கையைச் சுருட்டிக் கட்டும் ஹோல்டால் பையும்தான் மிகுதியாக இருந்தன. 1968இல் தோன்றிய விஐபி நிறுவனம் 1971 முதல் பயணப் பெட்டிகள் செய்யத் தொடங்கியது. நாசிக் அதன் முக்கிய உற்பத்தி மையமாயிற்று. உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்க்கும் முறையில் அச்சுக்கு ஆகும் செலவு மிகப் பெரிது. ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அது கட்டுப்படியாகும். ஆனால் அச்சு சரியாக அமைந்துவிட்டால் ஒவ்வொரு மூடியும் ஒவ்வொரு உடற்பகுதியோடும் பொருந்தும். அப்பாவின் சூட்கேஸ் இன்றும் இறுக மூடுவதற்குக் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

பின்னர் வந்த காலம் எளிதாக இல்லை. சாம்சோனைட் என்ற வெளிநாட்டுப் பெட்டி நிறுவனம் இந்தியாவுக்கு வந்து அதே நாசிக்கில் ஆலை அமைத்தது. ஜிப் வைத்த துணிப் பெட்டிகள் சீனாவிலிருந்து குவிந்தன. பிரமால் 2004இல் கார்ல்டன் என்ற பிரிட்டன் வணிகப் பெயரை வாங்கினார். பின்னாளில் வங்கதேசத்தின் மோங்லாவில் துணிப் பெட்டி ஆலைகள் எழுந்தன. அவரிடம் நிர்வாக இயக்குநராக இருந்த சுதீர் ஜாடியா சஃபாரி என்ற பெட்டி நிறுவனத்தை வாங்கி அவருக்கே வலுவான போட்டியாளரானார். கொரோனாவுக்குப் பின் மக்கள் மீண்டும் கடினப் பெட்டிகளை நாடியபோது, அதை முதலில் பழக்கிய நிறுவனம் விற்காமல் தேங்கிய துணிப் பெட்டிகளின் சுமையோடு நின்றது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. 2025 ஜூலையில் பிரமால் குடும்பம் 32 விழுக்காடு வரையிலான பங்குகளை மல்டிபிள்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையிலான முதலீட்டாளர்களுக்கு விற்க ஒப்புக்கொண்டது.

இனி டிராலி. அதன் ஓடு அழுத்தினால் சற்று உள்வாங்கி, கையை எடுத்தவுடன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது; அடி விழுந்தால் விரிசல் விடாமலிருக்க இந்த நெகிழ்வு தேவை. நான்கு சக்கரங்களும் எத்திசையிலும் சுழல்வதால் விமான நிலையத்தின் வழுவழுப்பான தரையில் ஒரு விரலால் தள்ளிச் செல்லலாம். ஓடும் ரயிலில் இதே வசதி தொல்லையாகிறது: பெட்டியைப் படுக்கவைத்து இருக்கைக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். இவ்வகைப் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு சமபாதியாகத் திறப்பதால், சிறிய விடுதி அறையில் விரித்துவைக்கக் கட்டில்தான் இடம்.

என் ஒரே தயக்கம் ஜிப் குறித்தது. அப்பாவின் சூட்கேசில் இரண்டு பாதிகளையும் உலோகப் பூட்டுகள் இணைக்கின்றன. இன்றைய பெட்டிகள் பெரும்பாலானவற்றிலோ ஜிப்பின் பற்களே இணைக்கின்றன. மூன்று இலக்க எண் பூட்டு ஆயிரம் சேர்க்கைகள் தரும் என்றாலும், கூர்முனைப் பேனா ஒன்றால் ஜிப்பைப் பிளந்துவிட முடியும். எடை குறைந்ததற்கு நாம் கொடுத்த விலை இது.

ஆண்டுக்கு ஐந்தாறு பயணம் போகும் குடும்பத்துக்கு இந்த டிராலியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்கும்போது உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கைப்பிடியை முழுவதும் இழுத்து அசைத்துப் பாருங்கள். பத்திரங்களை மட்டும் நான் இன்னும் பரணிலிருந்து இறக்கவில்லை.