பழைய பேய்ப் படங்களை எந்தப் பிரின்ட்டில் பார்க்கிறீர்கள்?

பழைய பேய்ப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, ‘இதுக்கா அந்தக் காலத்துல பயந்தாங்க?’ என்று உதட்டைப் பிதுக்குபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பிரின்ட்டில் பார்த்தீர்கள்? பெரும்பாலும், ‘ஏதோ ஒன்று, இலவசமாகக் கிடைத்தது’ என்றுதான் பதில் வரும். கிளாசிக், கல்ட், ஹாரர் என்று பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சமீப காலமாகப் புதிய படங்களைத் தேடுவதைவிட, முன்பு மங்கலான பிரதிகளில் பார்த்தவற்றையே, பழைய ஃபிலிமைச் சுத்தம் செய்து மீட்டெடுத்த பதிப்புகளில் திரும்பப் பார்ப்பதுதான் அதிகம். கதை அதேதான். ஆனால் சில படங்கள் வேறு படங்களாகவே ஆகிவிட்டன.

தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மூக்கு முடி வரைக்கும் தெரிந்தால் பயம் கூடிவிடாது. பயமுறுத்தத் தெரிந்த இயக்குநர் ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் வேலை செய்கிறார். எல்லாம் நிதானமாகப் போகும்போது ஒன்று மட்டும் வேகமாக நகரும். இதுவரை கேட்ட சத்தம் சட்டென்று நின்றுவிடும். மட்டமான பிரதி அந்த வித்தியாசத்தைத் தட்டி ஒரே மட்டமாக்கிவிடுகிறது. அப்புறம் பயம் எங்கிருந்து வரும்?

‘நோஸ்ஃபெராட்டு’வையே எடுத்துக்கொள்ளுங்கள். 1922இல் முர்னாவ் இயக்கிய ஜெர்மன் மௌனப் படம். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலை அனுமதி வாங்காமல், பெயர்களை மாற்றி எடுத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை எல்லாம் அழிக்க வேண்டும் என்று தீர்ப்பே வாங்கிவிட்டார். அங்கங்கே தப்பிப் பிழைத்த பிரதிகளால்தான் படம் நமக்குக் கிடைத்திருக்கிறது. இணையத்தில் சுற்றும் பல பிரதிகள் வெறும் கறுப்பு வெள்ளை. அதில் ஓர்லாக் பிரபு தன் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டப்பகலில் ஊருக்குள் நடந்து போவார். வெயில் பட்டால் செத்துப்போகும் ரத்தக் காட்டேரி! பார்ப்பவர் சிரிக்காமல் என்ன செய்வார்?

விஷயம் என்னவென்றால், அந்தக் காட்சிகளைப் பகலில் எடுத்து, பிரின்ட் போடும்போது நீலச் சாயம் ஏற்றினார்கள். நீலம் என்றால் இரவு. அந்தக் காலத்து ரசிகருக்கு இது தெரிந்த சங்கதி. சாயத்தோடு மீட்டெடுத்த 2006ஆம் ஆண்டுப் பதிப்பில் பார்த்தபோது, அதே தெரு, அதே நடை, கொஞ்சம்கூடச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் விடியலுக்கு வேறு நிறம் வரும்போது, வசன அட்டை எதுவும் சொல்வதற்கு முன்பே நமக்குப் புரிந்துவிடுகிறது.

வேகமும் அப்படித்தான். மௌனப் படங்களில் பலவும் நொடிக்கு 24 ஃபிரேமுக்குக் குறைவாக ஓட்ட வேண்டியவை. அவற்றை 24இல் ஓட்டினால் எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவார்கள். முர்னாவ் இந்தப் படத்தில் பிரபுவின் குதிரை வண்டியை மட்டும் வேண்டுமென்றே வேகமாகத் துள்ள விட்டிருக்கிறார். கூடவே காட்டை நெகட்டிவாகவே காட்டியிருக்கிறார், மரங்கள் வெள்ளை வெளேர் என்று நிற்கும். மற்றவர்கள் சாதாரணமாக நடந்தால்தான் அந்த வண்டி மனிதர் ஓட்டும் வண்டி இல்லை என்று தோன்றும். எல்லோருமே ஓடினால் அதுவும் இன்னொரு வண்டி, அவ்வளவுதான்.

ஒலி விஷயத்தில் எனக்குப் பெரிய ஆச்சரியம் ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962). அமெரிக்காவின் கான்சஸில் தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் குறும்படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி எடுத்த ஒரே முழுநீளப் படம். வெள்ளை முகத்தோடு ஜன்னலில் வந்து நிற்கும் அந்த ஆளாக நடித்ததும் அவர்தான். விபத்தில் தப்பிய ஒரு பெண், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள், ஒரு கடையில் உடை மாற்றிப் பார்க்கிறாள். அறையை விட்டு வெளியே வந்தால் உலகத்தின் சத்தம் மொத்தமும் அறுந்துபோயிருக்கிறது. விற்பனைப் பெண்ணிடம் பேசுகிறாள், அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தெருவில் வண்டிகள் போகின்றன, ஓசை இல்லை. பிறகு பூங்காவில் ஒரு பறவை கத்துகிறது, ஒரே நொடியில் உலகம் திரும்ப வந்துவிடுகிறது.

இந்தப் படத்தை முன்பு பார்த்த பிரதியில் முதலிலிருந்து கடைசி வரை ‘உஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். அதில் மேற்சொன்ன காட்சி வந்தபோது பிரதியில்தான் ஏதோ கோளாறு, ஒலி போய்விட்டது என்று நினைத்து வால்யூமைக் கூட்டத் தோன்றும். சுத்தம் செய்த பதிப்பில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால், அந்த மௌனம் வேறு ரகம். அதிரடி இசை வைத்து நம்மைத் தூக்கிப்போடும் இன்றைய படங்கள் எதுவும் என்னை இந்த அளவுக்குத் தொந்தரவு செய்ததில்லை.

டாட் பிரௌனிங்கின் ‘டிராகுலா’வும் (1931) இப்படித்தான். ஆரம்பத்தில் வரும் ‘ஸ்வான் லேக்’ துணுக்கு போன்றவற்றைத் தவிரப் பின்னணி இசை கிட்டத்தட்டக் கிடையாது. 1999இல் ஃபிலிப் கிளாஸ் இதற்குப் புதிதாக இசை அமைத்தார். இசை நன்றாகவே இருக்கிறது, ஆனால் எனக்கு இசையில்லாத டிராகுலாவே போதும். டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி வாயைத் திறப்பதற்கு முன்பு விடும் அந்த நீண்ட இடைவெளியை வயலின் வைத்து நிரப்ப வேண்டிய அவசியம் இல்லை.

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) கதை இன்னும் வேடிக்கையானது. ஜார்ஜ் ரொமேரோவின் இந்தப் படத்துக்குக் கடைசி நேரத்தில் பெயர் மாற்றினார்கள். பழைய பெயர் அட்டையை எடுத்தபோது அதிலிருந்த காப்புரிமை அறிவிப்பும் சேர்ந்து போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம் என்று ஆனதால் படம் உலகம் முழுக்கப் பரவியது. பிரதிக்குப் பிரதி எடுத்து முகம் தெரியாத அளவுக்கு மோசமானதும் அதனால்தான். 2016இல் அசல் நெகட்டிவிலிருந்தே 4கேயில் மீட்டெடுத்தார்கள்.

அதில் பார்த்தபோது கவனித்த ஒன்று. முடிவைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன். முடிந்த பிறகு எழுத்துகள் ஓடும்போது வரும் படங்களைப் பற்றி மட்டும். அவை அசையாத புகைப்படங்கள், செய்தித்தாளில் அச்சானவை போல் புள்ளி புள்ளியாக, கரடுமுரடாக இருக்கும். இதுவரை நாம் கூடவே இருந்த மனிதர் ஒரு செய்தியாகிவிட்டார். மோசமான பிரதியில் முழுப் படமுமே புள்ளி புள்ளியாக இருந்ததால் இந்த மாற்றம் கண்ணில் படவே இல்லை. இப்போது ஒன்றரை மணி நேரம் தெளிவாகப் பார்த்துவிட்டுத் திடீரென்று அந்தப் புகைப்படங்கள் வரும்போது வயிற்றைப் பிசைகிறது.

ஸ்ட்ரீமிங் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் படங்களை அதில்தான் பார்க்கிறேன். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இருட்டு என்று வந்துவிட்டால் கை விரித்துவிடுகிறது. வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தில் ஒரு நீச்சல் குளக் காட்சி உண்டு. ஒரு பெண் விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகக் குளத்தில் இருக்கிறாள். தண்ணீரில் பட்ட வெளிச்சம் சுவரிலும் கூரையிலும் நெளிகிறது. எங்கோ ஓர் உறுமல். நிழலுக்குள் ஏதோ இருக்கிறதா, இல்லை நெளியும் நிழல் மட்டும்தானா? காட்டவே மாட்டார்கள். ஒரு தளத்தில் இதைப் பார்த்தபோது அந்தக் கறுப்புகள் எல்லாம் சதுரம் சதுரமாக உடைந்து, மூலையில் கட்டம் போட்டதுபோல் துடித்துக்கொண்டிருந்தன. ப்ளூரே டிஸ்க்கில் அதே மூலை ஆழமாக, அடி தெரியாமல் இருக்கிறது. உற்று உற்றுப் பார்க்க வைப்பதுதான் அந்தக் காட்சியின் வேலையே. உற்றுப் பார்த்தால் கட்டம் தெரிகிறது என்றால் கதை கந்தல்.

இதே படத்தில்தான் பேருந்துக் காட்சியும். இரவில் ஆளில்லாத சாலையில் இரண்டு பெண்களின் செருப்புச் சத்தம், ஒன்று நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் பயந்து வேகம் கூட்டுகிறாள். சிறுத்தை சீறுவதுபோல் ஒரு சத்தம், பார்த்தால் பேருந்து பிரேக் போட்டு வந்து நிற்கிறது. பொய்யான பயம் காட்டித் தூக்கிவாரிப் போடும் உத்திக்கு ‘லூட்டன் பஸ்’ என்றே இன்றைக்கும் பெயர். எண்பது வருடம் கழித்தும், வரப்போகிறது என்று தெரிந்தும், எனக்குத் தூக்கிப்போட்டது.

அடுத்தது வெட்டு விவகாரம். ஜேம்ஸ் வேலின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1931) படத்தில் விஞ்ஞானி உயிர்கொடுத்த அந்த ஜந்துவும் ஒரு சிறுமியும் ஏரிக்கரையில் பூக்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு விளையாடுவார்கள். பூ தீர்ந்துவிடுகிறது. பூ மிதந்ததே, இவளும் மிதப்பாள் என்று நினைத்து அவளைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. மூழ்கியதும் பதறி ஓடுகிறது. இந்தப் பகுதியைத் தணிக்கை வெட்டியது. வெட்டிய பிரதியில் அது அவளை நோக்கிக் கையை நீட்டுவதோடு காட்சி நின்றுவிடும். பிறகு பார்த்தால் தகப்பன் குழந்தையின் சடலத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறான். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்பவர் நினைப்பது, நடந்ததைவிடப் பல மடங்கு கோரம். 1980களில் அந்தத் துண்டை மீட்டுச் சேர்த்த பிறகுதான் ஜந்துவாக நடித்த போரிஸ் கார்லோஃபின் நடிப்பு முழுசாகப் புரிந்தது.

‘தி விக்கர் மேன்’ (1973) இன்னும் சிக்கல். காணாமல்போன சிறுமியைத் தேடி ஒரு போலீஸ்காரர் தீவுக்கு வருகிறார். படம் முழுக்க வெளிச்சம், பாட்டு, சிரித்த முகங்கள். அதுதான் வயிற்றைக் கலக்கும். திரையரங்குக்குப் போன பதிப்பில் வெட்டித் தள்ளி, தீவில் அவர் கழிக்கும் இரவுகளில் ஒன்றையே காணாமல் ஆக்கிவிட்டார்கள். 2013இல் ‘ஃபைனல் கட்’ என்று வந்ததில் சேர்த்த காட்சிகள் வரும்போது நிறமும் கிரெயினும் (ஃபிலிமில் தெரியும் பொடிப் புள்ளிகள்) மாறுவது தெரியும். பரவாயில்லை, இந்தப் படத்துக்கு அந்தத் தழும்பு உறுத்தவில்லை. போலீஸ்காரர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளர்வதற்கு நேரம் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் நீளமே நல்லது என்று சொல்லவில்லை. ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்துக்கு 2000இல் காட்சிகளைச் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். பேய் பிடித்த சிறுமி சிலந்தி மாதிரி மாடிப்படியில் இறங்கும் காட்சி பிரபலமானதே அதில்தான். என்னைக் கேட்டால் 1973ஆம் ஆண்டுப் பதிப்பே போதும். அந்த இறங்கல் மிக முன்னதாகவே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுகிறது.

சுத்தம் செய்கிறேன் என்று கெடுப்பதும் நடக்கிறது. கிரெயின் என்பது அழுக்கு இல்லை, ஃபிலிமின் தோலே அதுதான். மென்பொருளை வைத்து அதைத் துடைத்தெடுத்தால் நடிகர்கள் மெழுகு பொம்மைகளாகிவிடுகிறார்கள். 16 மில்லிமீட்டரில், சுடுவெயிலில் எடுத்த ‘தி டெக்சஸ் செயின்சா மாசக்கர்’ (1974) பளபளவென்று இருந்தால் யாருக்கு வேண்டும்? அப்புறம் உங்கள் டிவியில் மோஷன் ஸ்மூத்திங் என்று, அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். பழைய படத்தைச் சீரியல் மாதிரி ஆக்கிவிடும்.

ஜப்பானியப் படங்களில் கோபயாஷியின் ‘குவைடான்’ (1964) மூன்று மணி நேரம், நான்கு கதைகள். அமெரிக்காவில் வெளியிட்டபோது பனிப்பெண் கதையை முழுசாக எடுத்துவிட்டார்கள். வானத்தில் கண்களை வரைந்து வைத்திருக்கும் கதை அது. நான்கும் உள்ள பதிப்பைத் தேடிப் பாருங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், இரண்டு இரவாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒபயாஷியின் ‘ஹவுஸ்’ (1977) அதற்கு நேரெதிர். விளம்பரப் படங்கள் எடுத்தவர், தன் சின்ன மகளிடம் கேட்டு வாங்கிய யோசனைகளை வைத்து எடுத்தார். பியானோ ஒரு பெண்ணை விரல் விரலாகத் தின்னும். தனியாகப் பார்க்காதீர்கள், பக்கத்தில் கத்துவதற்கு ஆள் வேண்டும்.

நம் பக்கம் வந்தால் மனசு கொஞ்சம் கசக்கும். பாட்டே இல்லாமல் 1954இல் ‘அந்த நாள்’ எடுத்த எஸ். பாலசந்தர், 1970இல் ‘நடு இரவில்’ என்று கொலைகள் நடக்கும் பங்களாக் கதையும் எடுத்தார். நான் பார்த்த பிரதிகளில் சதுரமான படத்தை அகலத் திரைக்கு இழுத்து, முகங்களை எல்லாம் குண்டாக்கி, மூலையில் லோகோ வேறு போட்டிருந்தார்கள். நிழலை வைத்துக் கதை சொன்ன ஒருவரின் படத்தில் நிழலே மிச்சமில்லை. இவையும் நெகட்டிவிலிருந்து மீண்டு வர வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஆரம்பிக்கலாம். 73 நிமிடம்தான், ரத்தம் கிடையாது. அது பிடித்தால் ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’. மௌனப் படங்களை மூன்றாவது, நான்காவதாக வைத்துக்கொள்ளுங்கள், கண்ணும் காதும் கொஞ்சம் பழகியிருக்கும். எடுப்பதற்கு முன் எந்த ஆண்டு மீட்டெடுத்தது, எத்தனை நிமிடம் ஓடும் என்று மட்டும் பார்த்துவிடுங்கள். நான் அடுத்து எடுத்து வைத்திருப்பது ஸ்பானிய மொழி ‘டிராகுலா’. 1931ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்துக்காக லுகோசி பகலில் நடித்த அதே செட்டில், வேறு குழு ராத்திரி ராத்திரியாக வந்து எடுத்தது; ஆங்கிலப் படத்தைவிட அரை மணி நேரம் அதிகம். கேமரா அதில் நன்றாக நகரும் என்று பலரும் சொல்கிறார்கள். லுகோசி இல்லாமல் அது எப்படி நிற்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது.