சூட்டில் பச்சையாகும் செயற்கைக் கெம்பு: எட்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மோதிரத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும்போது கல்லைக் கழற்றாமலே பற்றவைக்க முடியுமா என்று பார்ப்பதற்காக எட்டு ஆண்டுகளுக்கு முன் இரண்டு செயற்கைக் கெம்புகளை, அதாவது மாணிக்கங்களை, வாங்கினேன். 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோய் அறிவித்த முறையில், அலுமினிய ஆக்சைடுத் தூளைச் சுடரில் உருக்கி வளர்த்த கற்கள் அவை. லென்சு வைத்துப் பார்த்தால் உள்ளே வளைந்த கோடுகள் தெரியும்.

சுடர் பட்டதும் சிவப்பு மங்கிச் சாம்பல் நிறமாகி, மேலும் சூடேறினால் பாசி போன்ற பச்சைக்கு வருகிறது. முதன்முறை கல் பாழாகிவிட்டது என்றே நினைத்தேன். ஆறியதும் பழைய சிவப்பு அப்படியே திரும்பியது. கல்லில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும் குரோமியம்தான் இதற்குக் காரணம். தன்னைவிடச் சிறிய அலுமினியத்தின் இடத்தில் அது நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், ஊதாவையும் 550 நானோமீட்டரை ஒட்டிய பச்சை, மஞ்சள் ஒளியையும் விழுங்கிச் சிவப்பை விடுகிறது. சூட்டில் படிகம் விரிந்து அந்த நெருக்கம் தளரும்போது, விழுங்கும் பகுதி நீண்ட அலைநீளத்தை நோக்கி நகர்ந்து பச்சைக்கு வழிவிடுகிறது. நெருக்கம் குறைந்த குரோமியம் ஆக்சைடு இயல்பிலேயே பச்சை என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

சிவப்பு திரும்பிவிட்டால் கல் ஆறிவிட்டது என்று நம்பியது என் தவறு. கை வைக்க முடியாத சூட்டிலேயே நிறம் மீண்டுவிடுகிறது. அந்த நம்பிக்கையில் ஒருமுறை தண்ணீரில் போட்டேன். மெல்லிய சத்தத்துடன் குறுக்கே விரிசல் ஓடி, இரண்டில் ஒன்று போயிற்று. இயற்கை மாணிக்கமும் இதே போல நிறம் மாறுவதால், அசலையும் செயற்கையையும் பிரித்தறிய இது உதவாது. விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்தைச் சுடருக்கு அருகிலேயே கொண்டுபோகக் கூடாது. விற்றவர் சொல்லாமல் விட்ட அப்படி ஒரு கல்லில் கண்ணாடி உருகி வழிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மீதமுள்ள கல்லின் நிறத்தில் இத்தனை ஆண்டுகளில் எந்த மாற்றமும் இல்லை. மேல்முகத்தில் மட்டும், பற்றவைக்கும்போது பூசும் வெண்காரம் பட்டுச் சூட்டில் அரித்த இடம் மங்கிக் கிடக்கிறது. அதை மெருகேற்ற வைரத்தூள் வேண்டும்.