உப்புக்காற்றில் ஒரு வீட்டு வேன்: ஐப்பசிக் கடற்கரை அனுபவம்

படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாக மாற்றிய வேன்களைப் பற்றி, வாங்கிய சூட்டில் எழுதுகிறவர்களே அதிகம். எங்கள் வேன் சில மழைக்காலங்களைக் கடலோரத்தில் பார்த்துவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ராமேசுவரம் சுமார் 170 கிலோமீட்டர். தீபாவளிக் கூட்டம் வடிந்த பிறகு, கார்த்திகையில் மாலை போட்ட சாமிமார்கள் வந்து இறங்குவதற்கு முன் கிடைக்கும் ஐப்பசிக் கடைசி நாட்கள்தான் எங்கள் காலம். விடுதி வாசல்கள் காற்று வாங்கும். வண்டி நிறுத்த இடம் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

எந்தக் கரையில் தங்குவது என்பதைக் காற்றிடம் விட்டுவிட வேண்டும். தீவின் வடக்கே பாக் ஜலசந்தி, பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். வாடை எழுந்தால் இந்தக் குணம் தலைகீழாகிவிடும். அடக்கமான பெண் கடல் சீறும், ஆண் கடல் குளம்போலக் கிடக்கும். பாம்பன் பக்கம் ஒரு மீனவர், "அண்ணே, இன்றைக்கு இங்கே படுத்தால் வண்டியோடு ஆடுவீர்கள், தெற்கே போய்விடுங்கள்" என்றார். வானிலை அறிக்கையைவிட அது பயன்பட்டது.

இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கரை தட்டையாக இருக்கும் இடங்களில் அந்தச் சிறு உயரமே தண்ணீரை வெகுதூரம் உள்ளே கொண்டுவந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேகம் கூடுதல். ஏற்றம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்றைய நேரத்தை நம்பக் கூடாது. வற்றத்தில் இறுகிக் கிடக்கும் ஈரமணலைப் பார்த்து ஆசைப்பட்டு வண்டியை இறக்காதீர்கள். தார்ச்சாலை ஓரமே போதும். தனுஷ்கோடியில் இரவு தங்க அனுமதியில்லை, பகலில் அரிச்சல்முனை வரை போய்த் திரும்பிவிடலாம்.

மழை வேனை ஒன்றும் செய்யவில்லை. கெடுத்ததெல்லாம் உப்புதான். ஓர் இரவு நிறுத்தினாலே நகரும் கதவின் தடத்தில் வெள்ளைப் பொடி படியும். துடைக்காமல் விட்டால் மறுநாள் கதவு கிறீச்சிடும், பிறகு பாதியில் நிற்கும். கிரீஸ் மட்டும் போட்டால் அந்தப் பொடி அதிலேயே ஒட்டிப் பசையாகிவிடுகிறது. நல்ல தண்ணீரில் கழுவி, உலரவிட்டு, அதன் பிறகே கிரீஸ். பாட்டரி முனைகளுக்கு வாசலின் பூசுகிறோம். அடிப்பாகத்துக்கு ஆண்டுதோறும் புரட்டாசியில் துருத்தடுப்புப் பூச்சு; மதுரைக்குத் திரும்பியதும் அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவல். இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்காமல் வேன் வாங்க வேண்டாம்.

மின்சாரத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரி என்றால் கையில் இருப்பது சுமார் 1,200 வாட்-மணி. 1,500 வாட் இண்டக்ஷன் அடுப்பு அதை ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடும். மேகம் மூடிய நாட்களில் கூரைச் சூரியத் தகடும் கைகொடுக்காது. சிறிய எரிவாயு அடுப்பு, விளக்கு, மின்விசிறி, கைப்பேசி என்றால் தாராளம்.

கூரை ஏசி மட்டும் வீண். ஐப்பசிக் கடலோரத்தில் அதற்கு வேலையில்லை. சித்திரை மதுரையில் அது போதவில்லை. பொங்கலுக்குள் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு தகடு பொருத்தச் சொல்லியிருக்கிறேன்.