லண்டனிலிருந்து தருமபுரி: வானில் 10 மணி நேரம், ரோட்டில் எவ்வளவு?

ஹீத்ரோவிலிருந்து பெங்களூருக்கு நேர்த் தூரம் சுமார் 8,000 கிலோமீட்டர். எங்கும் நிற்காத விமானம் ஏறக்குறைய 10 மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து எங்கள் தருமபுரி 170 கிலோமீட்டர் போல வரும். பறந்து வந்த தூரத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் அதற்கு மூன்றரை மணி நேரமும் ஆகும், ஆறு மணி நேரமும் ஆகும். டிக்கெட் எடுக்கும்போது பயண நேரத்தைப் பார்ப்பதைவிட எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பாருங்கள்.

காரணம், விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே, நம் ஊர் தெற்கே. நடுவில் முழு நகரத்தையும் கடக்க வேண்டும். ஹெப்பாலில் ஒரு நெரிசல், சில்க் போர்டில் இன்னொன்று. இந்தத் தடவை விடியற்காலையில் இறங்கினேன். பெட்டி வந்து வெளியே வர ஒரு மணி நேரம். ஆபீஸ் வண்டிகள் கிளம்புவதற்குள் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தைத் தாண்டிவிட்டோம். அத்திப்பள்ளி கடந்தால் கவலையில்லை. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் என்று 44-ஆம் எண் நெடுஞ்சாலை நேராக வீட்டில் கொண்டுபோய் விடுகிறது. அம்மா இட்லி ஊற்றிக்கொண்டிருந்த நேரத்துக்கே போய்ச் சேர்ந்தோம். படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்க்க வருகிறவனுக்கு அந்த இரண்டு மணி நேர மிச்சம் பெரிய விஷயம்.

டாக்சி பேசும்போது டோல், பார்க்கிங், மாநிலம் தாண்டும் பர்மிட் எல்லாம் சேர்த்துத்தான் வாடகையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஊரிலிருந்தே வண்டி வரவழைப்பது எனக்குப் பிடித்த வழி. இரவில் கண்விழித்து வரும் டிரைவர் அண்ணனைப் புறப்படும் முன் ஒரு மணி நேரமாவது தூங்கச் சொல்லுங்கள். இதில் அவசரப்படவே கூடாது.

காலை பத்து மணிக்கு மேல் இறங்குகிறவர்களுக்கு ரயில்தான் நல்லது. 2023 டிசம்பர் கடைசியில் தொடங்கிய கோவை வந்தே பாரத், பெங்களூர் கன்டோன்மென்டிலிருந்து மதியத்துக்கு மேல் கிளம்பி ஓசூர், தருமபுரியில் நிற்கிறது. பெரியவர்களை அழைத்து வர இதைவிட நிம்மதியான வழி இல்லை. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்த வசதியும் இல்லை. திருப்பத்தூரிலிருந்து வந்த பழைய ரயில் பாதையைச் சுதந்திரத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். மாவட்டத் தலைநகருக்கு இன்றுவரை ரயில் வரவில்லை என்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டசபையில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். பெங்களூர் விமான நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிதாக ஒன்று வரக்கூடாது என்ற ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. ஓசூர் விமான நிலையம் வந்துவிட்டால் நமக்கு 100 கிலோமீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

திரும்பும்போது எதிர்க்காற்று, அதனால் விமானம் இன்னும் ஒரு மணி நேரம் போல அதிகம் எடுக்கும். ஞாயிறு சாயங்காலமும் பண்டிகை முடிந்த மறுநாளும் ஓசூர் ரோடு பெங்களூர் திரும்புகிறவர்களால் நிறைந்துவிடும். அந்த நாட்களில் விமான நேரத்துக்கு ஒன்பது மணி நேரம் முன்னாடியே தருமபுரியிலிருந்து கிளம்பிவிடுங்கள்.